முன் நம்பர் பிளேட்டைக் கழற்றலாமா? பிராக்கெட்டை என்ன செய்வது?

கேள்வி: அக்கரைப்பற்று, ஒக்டோபர் 9

அண்ணன், பழைய ஜப்பான் கார் ஒன்று எடுத்திருக்கிறேன். முன் பம்பரில் நம்பர் பிளேட்டுக்குக் கறுப்பு பிராக்கெட் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. பார்க்க அழகில்லை. அமெரிக்காவில் முன் பிளேட்டே கிடையாதாம். நானும் போன மாதம் முழுக்கப் பிளேட்டை டாஷ்போர்டில் சாய்த்து வைத்துத்தான் ஓடினேன், ஒருவரும் மறிக்கவில்லை. பிராக்கெட்டைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, பெயின்ட் அடித்துவிடவா?

ஒக்டோபர் 9, இரவு

பிராக்கெட்டைக் கழற்றுங்கள், பிளேட்டைக் கழற்றாதீர்கள் தம்பி. பிராக்கெட் கார்க் கம்பனி போட்ட சாமான். அது இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. பிளேட் அப்படியில்லை. இலங்கையில் காருக்கு முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு மஞ்சள், இரண்டும் வண்டியில் பூட்டியிருக்க வேண்டும்.

டாஷ்போர்டில் வைத்தால் பூட்டிய கணக்கில் வராது. முன் கண்ணாடி சாய்வானது. வெயில் நேரத்தில் எதிரே வருகிறவருக்குக் கண்ணாடியில் வானமும் தென்னை மரமும்தான் தெரியும், இலக்கம் தெரியாது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பக்கத்து ஆசனத்துக்கான ஏர்பேக் டாஷ்போர்டின் மேல்பக்கத்தைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அதற்கு மேலே அலுமினியத் தகடு கிடந்தால், பக்கத்தில் இருக்கிறவரின் முகத்துக்குத்தான் பறக்கும். பக்கத்தில் யார் இருப்பார்கள்? மனைவி, அம்மா, பிள்ளை. இன்றைக்கே அதை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒக்டோபர் 10

அமெரிக்கக் கதைக்கு வருவோம். நேற்று எழுத நேரமில்லை.

அங்கே இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் சட்டம். ஃபுளோரிடா, ஜோர்ஜியா, பென்சில்வேனியா, மிச்சிகன், அரிசோனா போன்ற இடங்களில் பின் பிளேட் மட்டும் போதும். கலிபோர்னியா, டெக்சாஸ், நியூயோர்க், இல்லினோய், நியூ ஜேர்சியில் இரண்டும் வேண்டும். ஓஹாயோ 2020 ஜூலை 1இலிருந்து முன் பிளேட்டை விட்டுவிட்டது. யூட்டா 2025 ஜனவரி 1இலிருந்து விட்டது. அந்த மாநிலத்துக்காரர்கள் பிராக்கெட்டைக் கழற்றி ஓட்டைக்கு மூடி போடுவதைத்தான் நீங்கள் யூடியூப்பில் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு அது பொருந்தும்.

கனடாவிலும் இதே மாதிரித்தான். என் தம்பி ஒட்டாவாவில் இருக்கிறான். அது ஒன்டாரியோ, முன்னும் பின்னும் பிளேட் கட்டாயம். ஆற்றுக்கு அக்கரையில் கட்டினோ, அது கியூபெக், பின் பிளேட் மட்டும். பாலத்தைக் கடந்தால் சட்டம் மாறுகிறது. அவன் அக்கரையிலிருந்து ஒரு பழைய கார் வாங்கினான். முன் பம்பர் வழவழவென்று இருந்தது, ஒரு ஓட்டைகூட இல்லை. ஒன்டாரியோவில் பதிவதற்காக அந்த நல்ல பம்பரில் துளை போட வேண்டி வந்தது. துளை போட்ட அன்று படம் அனுப்பி, "அண்ணா, மனசு கேட்குதில்லை" என்று எழுதியிருந்தான். உங்கள் கவலை எனக்கு விளங்காமல் இல்லை தம்பி.

ஒக்டோபர் 11

கலிபோர்னியாவில் முன் பிளேட் இல்லாத கார்களை நிறையக் கண்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். காணலாம். ஆனால் அந்த மாநில வாகனச் சட்டத்தின் 5200ஆம் பிரிவு, இரண்டு தகடு கொடுத்தால் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றும் பூட்டச் சொல்கிறது. அக்கரைப்பற்றில் மறிக்காதது போல அங்கேயும் பலரை மறிப்பதில்லை. அவ்வளவுதான்.

ஒக்டோபர் 13

இனி வேலைக்கு. முதலில் அந்தப் பிராக்கெட் ஏன் இருக்கிறது என்று பாருங்கள்.

ஜப்பான் நம்பர் பிளேட் 330 மில்லிமீட்டர் அகலம், 165 உயரம். மேல் விளிம்பில் இரண்டு துளை, இடைவெளி 210. உங்கள் பம்பரில் உள்ள இருக்கை அதற்காக வார்த்தது. நமக்கு முன்னுக்குக் கிடைக்கும் ஒற்றை வரித் தகடு அதைவிட நீளமானது, உயரம் குறைந்தது. அதனால் இரண்டு நுனியும் இருக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிராக்கெட் அழகில்லை என்று உங்களுக்குத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பொருந்தாத அளவுதான். அமெரிக்கப் பிளேட் 12 அங்குலத்துக்கு 6, பிரித்தானியாவில் 520 மில்லிமீட்டருக்கு 111. அந்தந்த ஊருக்குப் போகும் கார்களின் பம்பரும் அதற்கேற்ப வரும். பல நாட்டு அளவு ஒரு பம்பரில் சேரும்போது இந்தக் கஷ்டம்.

இன்னொன்று, பம்பர் வளைவானது, பிளேட் தட்டையானது. பிராக்கெட்டின் முக்கிய வேலை அந்த வளைவுக்கு மேல் ஒரு தட்டையான இருக்கை கொடுப்பது. அதை எடுத்துவிட்டு நேரே பூட்டினால் நடு தொட்டு நிற்கும், இரண்டு பக்கமும் விலகி நிற்கும். பலர் அதை அமுக்கி வளைத்துப் பூட்டுகிறார்கள். வளைத்த தகட்டில் பளபளப்புப் படலம் மடிந்து வெடிக்கும்.

கழற்றும் விதம்: பெரும்பாலான ஜப்பான் கார்களில் 6 மில்லிமீட்டர் போல்ட், 10ஆம் நம்பர் சாவி போதும். நம் கரையோரத்தில் அந்தப் போல்ட் சும்மா வராது, உப்புக் காற்று இறுக்கிவிடும். முதல் நாள் பின்னேரமே டபிள்யூ.டி.40 அடித்து விட்டுவிடுங்கள். மறுகா காலையில் முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கமாகத் திருப்பி, அதற்குப் பிறகு தளர்த்துங்கள். எடுத்த எடுப்பில் தளர்த்தப் போனால் தலை முறியும்.

போல்ட் சுற்றுகிறது, வெளியே வருகிறதில்லை என்றால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நட்டும் சேர்ந்து சுற்றுகிறது என்று அர்த்தம். தட்டையான ஸ்க்ரூ டிரைவரைப் பிராக்கெட்டுக்கும் பம்பருக்கும் இடையில் விட்டு, வெளிப்பக்கம் மெல்ல நெம்பிக்கொண்டே சுற்றினால் பிடிக்கும். ஸ்க்ரூ டிரைவருக்கு அடியில் துணி வையுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும்.

இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம். மத்தியான வெயிலில் காரை நிறுத்தி, டேப் இளகிய பிறகு தங்கூசியை (மீன் பிடிக்கும் நைலோன் இழை) இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்து, பிராக்கெட்டுக்குப் பின்னால் விட்டு அறுத்துக்கொண்டு போங்கள். கல்லடியில் எந்த மீன்வலைக் கடையிலும் தங்கூசி கிடைக்கும், தடித்ததாக வாங்குங்கள். மிஞ்சும் பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். தின்னர் பக்கமே போகாதீர்கள்.

ஒக்டோபர் 13, பின்னேரம்

ரிவெட் அடித்திருந்தால்? ஏறாவூர்த் தம்பி கேட்டிருக்கிறார். ரிவெட்டின் தலையை மட்டும் ட்ரில்லால் மெதுவாகக் குடையுங்கள், வேகம் வைத்தால் சூடேறிப் பிளாஸ்டிக் உருகும். தலை கழன்றதும் மிச்சத்தை உள்ளே தட்டிவிட வேண்டாம். அது பம்பருக்குள் விழுந்து, பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் கடகடவென்று சத்தம் போடும். சிறிய குறட்டால் வெளியே இழுத்துவிடுங்கள்.

ஒக்டோபர் 14

கராஜில் கொடுத்தால் என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கலாம், பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். எங்கள் வேகன் ஆரை ஒரு கராஜில் விட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. பழைய துளைகளை விட்டுவிட்டு, கூரைத் தகரத்துக்கு அடிக்கும் நீள ஸ்க்ரூவால் புதுத் துளை போட்டுப் பூட்டியிருந்தார்கள். கீழ்க் கிரிலுக்குப் பின்னால் ஏசி கன்டென்சர் இருக்கிறது. ஸ்க்ரூவின் கூர் நுனிக்கும் அதன் மெல்லிய அலுமினியச் செதில்களுக்கும் நடுவில் ஒரு விரல் போகவில்லை. முன்னால் ஒரு சின்ன இடி பட்டிருந்தால் ஏசி வாயு முழுக்கப் போயிருக்கும். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஒரு வேலையைக் கையில் எடுத்தால் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டாமா?

ஒக்டோபர் 19

அன்று எழுதியதில் விட்டுப்போன ஒன்று. புதிய கார்களில் பிளேட்டைக் கொண்டுபோய் எங்கே பூட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். பல டொயோட்டாக்களில் முன் சின்னத்துக்குப் பின்னால் ராடார் இருக்கிறது. வேறு சில கார்களில் அது கீழ்க் கிரிலுக்குள் இருக்கும். பார்க்கிங் சென்சர் பம்பரில் வட்ட வட்டமாகத் தெரியும். தகடு இவற்றை மறைத்தால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். கிரிலின் நடுவில் குறுக்கே பூட்டினால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறையும், சித்திரை வைகாசி வெயிலில் கொழும்புக்கு ஓடிப் பாருங்கள் தெரியும். அதற்கென்று கம்பனி விட்ட இடத்திலேயே பூட்டுவது எல்லாவற்றுக்கும் நல்லது.

ஒக்டோபர் 19, இரவு

வெள்ளையும் மஞ்சளும் ஏன் என்று காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரர் கேட்டது நல்ல கேள்வி. பிரித்தானியாவிலும் இதே முறைதான், அங்கே 1973இலிருந்து புது வாகனங்களுக்கு ஒளி திருப்பும் வெள்ளையும் மஞ்சளும் கட்டாயம். இதன் பயன் இரவில்தான் விளங்கும். வாழைச்சேனை தாண்டிப் புணானைப் பக்கம் போகும்போது, விளக்கில்லாத லொறி ஒன்று ஓரத்தில் நின்றால் முதலில் மினுங்குவது அதன் தகடுதான். மஞ்சளாக மினுங்கினால் அது எனக்கு முதுகு காட்டி நிற்கிறது, வெள்ளை என்றால் முகம் காட்டி நிற்கிறது. வேகத்தைக் குறைக்கவோ விலகவோ அந்த ஒரு கணம் போதும். நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். பொலிஸ் மறிப்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

இலக்கத் தகடு என்று பேச்சு வந்ததும் பெரியவர் ஒருவர் ஸ்ரீ எழுத்தை நினைவூட்டியிருக்கிறார். நம் பக்கத்தில் அதை மறக்க முடியாது. 1957இல் தகட்டில் சிங்கள ஸ்ரீ வந்தபோது தமிழரசுக் கட்சி எதிர்ப்பு நடத்தியது, வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் ஸ்ரீயை எழுதிக்கொண்டு வண்டி ஓட்டினார்கள். அது 1958 இனக் கலவரம் வரை போனது எல்லோருக்கும் தெரியும். 2000இல் ஆங்கில எழுத்து முறை வந்தது. நம் கிழக்கு மாகாணத்துக்கு ஈ.பி. 2023இலிருந்து புதுத் தகடுகளில் மாகாண எழுத்தும் இல்லை. ஒரு தகரத் துண்டுக்காக இவ்வளவு நடந்த நாட்டில் இருக்கிறோம். அதை ஒழுங்காகப் பூட்டுவதற்காகவாவது கொஞ்சம் மெனக்கெடலாம்.

ஒக்டோபர் 26

ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடிப்பது பற்றி. அடைக்க வேண்டாம். பிளேட் எப்படியும் அங்கேதான் வரப்போகிறது, ஓட்டை அதற்குப் பின்னால் மறையும். மேலதிகத் துளை வெளியே தெரிந்தால் ஒரு கறுப்பு ரப்பர் மூடி போதும்.

அடைத்தே ஆக வேண்டும் என்றால், பம்பர் பெரும்பாலும் பொலிபுரொப்பிலின் பிளாஸ்டிக். கதவுக்கும் மட்கார்டுக்கும் பூசும் சாதாரணப் புட்டி அதில் நிற்காது. பம்பர் வளையும், புட்டி வளையாது, ஒரு மழைக்காலத்துக்குள் வட்டமாக வெடித்துக் கழன்றுவிடும். அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியை உருக்கி ஒட்டி, தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் நிறம். பழைய காரின் நிறத்தைக் கலந்து எடுப்பது தனிக் கலை. வெள்ளைக் காரில்கூட ஒட்டுப்போட்ட இடம் வெயிலில் தெரியும்.

ஸ்க்ரூவுக்கு ஸ்டெயின்லஸ் வாங்குங்கள். ஆனால் ஸ்டெயின்லஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் நேரே தொட்டால் அலுமினியம்தான் தின்னப்படும், துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். நடுவில் ஒரு நைலோன் வொஷர் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. நாவலடிக் கடற்கரையோர வீடுகளில் நிற்கும் கார்களில் இந்த வெள்ளைப் பொடியை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 2

வெள்ளம் வடிந்து நெட்வேர்க் வந்திருக்கிறது. எல்லோரும் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?

கல்முனைக்குப் போய் அங்கிருந்து சம்மாந்துறைக்குப் போக வேண்டியிருந்தது. காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் தண்ணீர் இறங்கிய பிறகுதான் போனேன். வீதியோரச் சேற்றில் நம்பர் பிளேட்டுகள் கிடந்தன. ஒரு பலசரக்குக் கடைக்காரர் கண்டதையெல்லாம் பொறுக்கிக் கழுவி, கடை வாசலில் சுவரோடு வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார். எல்லாம் வெள்ளை. ஒரு மஞ்சள்கூட இல்லை. குனிந்து பார்த்தேன். பெரும்பாலானவற்றில் துளை இரண்டும் மேல் விளிம்பில், கீழே துளையே இல்லை. துளையிலிருந்து மேல் விளிம்பு வரை அலுமினியம் கிழிந்திருந்தது. ஒன்றில் கிழிந்த துளைக்குள் வொஷர் இன்னும் மாட்டிக்கொண்டு நின்றது.

எப்படி நடக்கிறது என்றால், கார் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது பம்பருக்கு முன் ஒரு அலை எழும்பும். அந்த அலை தகட்டுக்கும் பம்பருக்கும் இடையிலுள்ள இடைவெளிக்குள் கீழ்ப்பக்கமாகப் புகுந்து, தகட்டை வெளியே தூக்கும். இரண்டு ஸ்க்ரூவில் மட்டும் தொங்கும் தகடு படபடவென்று அடித்து, கடைசியில் துளை கிழிந்து போய்விடும். பின் பிளேட்டுக்கு அந்த அடி விழுவதில்லை.

ஆகவே ஒக்டோபரில் நான் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். பிராக்கெட்டைக் கழற்றலாம், ஆனால் அதன் இடத்தில் பிளேட்டின் முழு நீளத்துக்கும் முதுகு கொடுக்கும் ஒன்று வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நாம் தண்ணீருக்குள் ஓடாமல் இருக்கப் போவதில்லை. ஓஹாயோக்காரருக்குச் சொன்ன புத்தியை இங்கே அப்படியே எடுக்க முடியாது.

டிசம்பர் 3

அந்த முதுகுப் பலகையை எதில் செய்வது? பெயர்ப்பலகை அடிக்கும் கடைகளில் கிளாடிங் ஷீட் (அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பலகை) வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் கிடக்கும். கறுப்புத் துண்டாகக் கேளுங்கள். பிளேட்டின் அளவுக்கு வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்கி, முதலில் பலகையைப் பழைய ஜப்பான் துளை இரண்டில் 6 மில்லிமீட்டர் போல்ட்டால் பம்பரில் பூட்டுங்கள். பம்பர் வளைவால் இரண்டு நுனியிலும் இடைவெளி வரும், அதற்குள் ரப்பர் துண்டு வையுங்கள். அதற்கு மேல் பிளேட்டை நான்கு மூலையிலும் பலகையோடு பூட்டுங்கள். எழுத்திலோ அரச முத்திரையிலோ துளை விழக் கூடாது. கீழ் விளிம்பு பலகையோடு ஒட்டி இருந்தால் தண்ணீருக்கு உள்ளே புக இடம் கிடைக்காது. முன்னால் இருந்து பார்த்தால் பிளேட் மட்டும்தான் தெரியும். தம்பி கேட்ட அழகும் வந்துவிடும்.

டிசம்பர் 3, இரவு

தொலைந்தவர்களுக்கு: கிடைக்கும் என்று காத்திருக்காமல் பொலிசில் முறைப்பாடு போடுங்கள். புதுத் தகட்டுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க அந்த முறைப்பாட்டுப் பிரதி தேவை. விண்ணப்பிக்காவிட்டாலும் போடுங்கள். உங்கள் இலக்கம் வேறு ஒருவரின் பம்பரில் ஏறி ஓடினால், அது தொலைந்த நாளைக் காட்ட உங்களிடம் ஒரு எழுத்து இருக்க வேண்டும். கொழும்பில் 2024 ஜனவரியிலிருந்து சிசிடிவி பார்த்துத் தண்டம் அனுப்புகிறார்கள், கமராவுக்குத் தகடுதான் தெரியும், ஓடினவர் யார் என்று தெரியாது.

புதுத் தகடு உடனே வரும் என்று எண்ண வேண்டாம். 2025இல் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கிய பிறகு தகட்டுத் தட்டுப்பாடு வந்து, புது வண்டிக்காரர்களே காத்துக் கிடந்தார்கள். கையில் இருக்கும் பிளேட்டைக் காப்பாற்றுவது ஓடித் திரிவதைவிடச் சுலபம்.

டிசம்பர் 8

முன் பம்பரில் இழுவை ஹூக் பூட்டும் துளையில் ஒரு பக்கமாகப் பிளேட்டை மாட்டும் கைபிடி இணையத்தில் விற்கிறார்களே, அது நல்லதா என்று களுவாஞ்சிக்குடியிலிருந்து கேள்வி. பம்பரில் துளை போடாமல் பிளேட் மாட்ட வேண்டிய ஒட்டாவாத் தம்பி போன்றவர்களுக்கு அது உதவும். நமக்கு வேண்டாம். ஒற்றைத் திருகில் நிற்கும் சாமான் வெள்ளத்தில் சுழலும். அதோடு கார் சேற்றில் புதைந்து இழுக்க வேண்டி வரும்போது முதலில் அதைக் கழற்ற வேண்டும், இருட்டில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு.

டிசம்பர் 14

அக்கரைப்பற்றுத் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். கறுப்புப் பலகை, நான்கு ஸ்க்ரூ, நைலோன் வொஷர், எல்லாம் சரி. ஒரு ஸ்க்ரூ கடைசி இலக்கத்துக்குக் கிட்டப் போய்விட்டது, தலை கறுப்பு என்பதால் தூரத்திலிருந்து ஒன்று என்பது ஏழு மாதிரித் தெரிகிறது. அந்த ஒரு தலையை மட்டும் வெள்ளையாக மாற்றுங்கள் தம்பி.